தேவதூதனுக்குப் பூசிய வெள்ளை

ஒன்பது வயதில் நான் கடவுளின் வேலையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். இதற்குப் போய் அவரைத் தொந்தரவு செய்வானேன் என்று நானே அதைத் திருத்தப் புறப்பட்டேன். பிழை என்று சொல்வது என் முகத்தை. உலகத்தில் முட்டாள்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சயனைடு மேட்டு மண்ணை அள்ளி, நல்லெண்ணெயில் குழைத்துத் தன் மூஞ்சியில் தானே பூசிக்கொண்ட முட்டாள், எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

முட்டாள்தனம் என்னுடையது, சரி. அதற்கு விதை போட்டவர் எங்கள் உபதேசியார். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடேறுகிறது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு, எங்கள் தகரக்கூரைக் கோயிலில், மேய்ப்பர்களுக்குத் தேவதூதன் தோன்றும் காட்சியை நடித்துக் காட்டுவதென்று அவர் ஏற்பாடு செய்தார். சுரங்கத்துக் கேப்டன் துரையின் மனைவி பார்க்க வருவதாக இருந்தது. தூதன் பேச வேண்டியதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. என் தொண்டையோ ஷிப்ட் மாறும்போது ஊதுகிற சங்கோடு போட்டி போடும். எனவே தூதன் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நைனாவின், அதாவது அப்பாவின், வெள்ளை வேட்டியை அம்மா அங்கியாகத் தைக்கவும் தொடங்கிவிட்டாள்.

உபதேசியாரிடம் சீமையிலிருந்து வந்த ஒரு படம் இருந்தது. மஞ்சள் முடியும் பால்போன்ற கன்னமுமாக ஒரு தேவதூதன். அதை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, கடையில் துணிக்கு நூல் பொருத்திப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"டேய், நீ திரைக்குப் பின்னால நின்னு சத்தமா சொல்லு. முன்னால ரைட்டர் மவன் நின்னு வாய மட்டும் அசைப்பான். அவன் கொஞ்சம் செவப்பா கீறான்."

ரைட்டர் மகன் டைம் ஆபீஸ் குமாஸ்தாவின் பையன், சாது. முதல் வரிக்கு மேல் அவனுக்கு எதுவும் நிற்காது. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? என் குரல் பரலோகத்துக்கு ஆகும், என் முகம் ஆகாது என்று தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்புச் சொன்ன உபதேசியார் என்னைவிட ஒரு பிடி கறுப்பு. இதை நான் வன்மத்தோடு சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். வன்மத்தோடுதான் சொல்கிறேன்.

நைனா சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடும் மிஷினில் வேலை செய்தார். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கும்போது என்னைப்போலவே கறுப்பாக இறங்குவார். ஏறி வரும்போது இமை மயிர் வரைக்கும் கல்தூசி படிந்து துரைமாதிரி வெள்ளையாக வருவார். வந்ததும் தொட்டியோரம் குந்தி, இருமி இருமி, அவ்வளவையும் கழுவிவிடுவார். கிடைத்த வெள்ளையை இப்படி வீணாக்குகிறாரே என்று எனக்கு வயிறு எரியும்.

அதே பாறையை மில்லில் இடித்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பின்னால் மேடாகக் கொட்டியிருந்தார்கள். சயனைடு என்ற மருந்து கலந்த மண். அங்கே தேங்கும் தண்ணீரைக் குடித்த ஆடு எழுந்திருக்காது என்பதால் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது. நான் யோசித்தேன். கல்லிலிருந்து தங்கத்தையே பிரிக்கிற மருந்து, என்னிலிருந்து கறுப்பைப் பிரிக்காதா? ஊரிகத்தில் எந்தத் துரைக்கும் தோன்றாத யோசனை.

காட்சிக்கு முந்தின நாள் அந்த மண்ணை அள்ளிப் பூசிக்கொண்டு வெயிலில் காய உட்கார்ந்தேன். முதலில் குளுகுளுவென்று இருந்தது. பிறகு முகத்தில் யாரோ ஒரு எறும்புப் புற்றையே கவிழ்த்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு ஓடினேன். அம்மா தண்ணீரை வாரி வாரி அடித்தாள். வெள்ளை போய்விட்டது. கறுப்பு அப்படியே இருந்தது. அதன்மேல் சிவப்பாகத் தடிப்புகள் எழும்பின.

"இன்னாடா பண்ணிக்கினு வந்துக்கீற?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முதுகில் விழும் என்று குனிந்து காத்திருந்தேன். விழவில்லை. அம்மா கூந்தலை அள்ளி முடிந்து, என் மணிக்கட்டைப் பிடித்து, உபதேசியார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். என் தொண்டை யாரிடமிருந்து வந்தது என்று அன்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற அந்த லைன் முழுவதும் தெரிந்துகொண்டது.

"உபதேசியாரே, கடவுள் மனுசன இன்னாத்தால செஞ்சாருன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"மண்ணாலதாம்மா. ஏன்?"

"அரிசி மாவால இல்லியே?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார். "அது இல்லம்மா. தொரசாணி வராங்க. படத்துல தூதரு அப்பிடித்தான் கீறாரு."

"படம் போட்டவன் வானத்துல ஏறி நேர்ல பாத்துட்டு வந்தானா? என் வயித்துல இவன உருவாக்குனவருக்குக் கண்ணு தெரியாமயா போச்சு? இவன் மூஞ்சி வேணாம்னா தொண்டையும் வேணாம். ரைட்டர் மவனே பேசட்டும்."

கடைசிச் சொல் வேலை செய்தது. ரைட்டர் மகன் பேசினால் என்ன ஆகும் என்பது உபதேசியாருக்குத் தெரியும்.

அப்படியாக, வேட்டி அங்கியில், பலாப்பழம்போல வீங்கிய முகத்தோடு, பெட்டிமேல் ஏறி நின்றேன். பயப்பட வேண்டாம் என்று மேய்ப்பர்களுக்கு நான் முழங்கியதும் முன்வரிசைக் குழந்தைகள் அலறத் தொடங்கின. ஒரு மேய்ப்பன் அம்மாவிடம் ஓடிவிட்டான். தொரசாணி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பாகவும் இருக்கலாம், இரக்கமாகவும் இருக்கலாம். நான் நிறுத்தவில்லை. அம்மா மட்டும் அசல் தேவதூதனையே பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். இவனை எவனாவது பிழை என்று சொல்லிப் பார்க்கட்டும் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் இன்றைக்கும் என்மேல் எனக்குள்ள கோபம்.

நைனா ஷிப்ட் முடிந்து நேராக வந்து, கழுவாத முகத்தோடு கதவோரம் நின்றிருந்தார். வீடு திரும்பும் வழியில் கல்தூசி இருமல் வந்து ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் அந்தப் படத்தைப்போல அத்தனை வெள்ளையாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு மட்டும் எப்பிடி நைனா இவ்ளோ நல்லா ஒட்டிக்கிது? எனக்கு ஒட்டவே மாட்டேங்குதே."

இருமல் அடங்க நேரமாயிற்று. வாயைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது ஒரே வரி. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மழுப்புகிறார் என்று நினைத்து, வீடு வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். வீங்கிய முகத்தைத் தூக்குவது அத்தனை சுலபமில்லை.

"ஒட்டாத வரைக்கும் நல்லதுடா."