ஒழுகும் தொட்டி

பலகையின் உள்பக்கத்தைக் கன்னத்தால் தடவிக்கொண்டே வந்த பீப்பாய்க்காரர் பாதியில் நின்று, அதே இடத்தை இன்னொரு முறை தடவினார். சின்னதாக ஒரு சிலாம்பு. கண்ணுக்குத் தெரியவில்லை. இழைப்புளியை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு மறுபடி கன்னத்தை வைத்தார்.

"மாமா, பலகைக்கு முத்தம் குடுத்தது போதும். அடுத்ததை எடுங்க," என்றான் அவர் மனைவியின் தம்பி. வண்டியோட்டி. அக்கா படுத்த படுக்கையானதிலிருந்து வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு இங்கேயே கிடந்தான்.

பீப்பாய்க்காரர் சிரிக்கவில்லை. இத்தனை வருஷ வேலையில் அவர் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. சிலாம்பு ஏறினாலும் அதற்கு உறைக்காது. கன்னத்தில்தான் கொஞ்சம் தோல் மிச்சமிருந்தது. இந்தத் தொட்டியில் படுக்கப்போகிறவளுக்கு உடம்பில் பாதி இடத்தில் அதுவும் இல்லை.

கோடையில் அவர் மனைவிக்கு வாய்க்குள் ஒரு கொப்புளமாகத்தான் தொடங்கியது. பிறகு முதுகு, மார்பு, தொடை என்று இறங்கியது. கொப்புளம் உடைந்த இடத்தில் தோல் நனைந்த காகிதம்போல வழுக்கிக்கொண்டு வந்தது. போர்த்திய துணி ஒட்டிக்கொண்டது. ஒட்டிய துணியை எடுத்தால் சதையும் கூட வந்தது. கந்தகக் களிம்பு பூசினார்கள். அட்டை விட்டு ரத்தம் எடுத்தார்கள். ஒருவர் பால் குடிக்கக் கூடாது என்றார், ஒருவர் பால் மட்டுமே குடிக்க வேண்டும் என்றார், இன்னொருவர் பேசாமல் இருந்தால் பாதி குணமாகும் என்றார். அந்தக் கடைசி வைத்தியம்தான் அவளுக்கு ஒத்துவரவில்லை.

கடைசியாக வந்த வைத்தியர் அதிகம் பேசாதவர். உடம்புச் சூடு எவ்வளவோ அவ்வளவு சூடான தண்ணீரில் இரவும் பகலும் படுக்க வைக்கச் சொன்னார். துணியும் உரசாமல், காற்றும் படாமல், தோல் தானாக வளர இடம் கொடுக்க வேண்டும். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, தெரியாது, ஒருத்தருக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று என்றார். தண்ணீரிலேயே போட்டால் அவள் ரொட்டிபோல ஊறிக் கரைந்துவிடுவாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பீப்பாய்க்காரர் அன்றே மரம் எடுக்கப் போய்விட்டார்.

அவரைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அழுதால்கூட அவருக்கு ஒரு சொட்டு ஒழுகாது என்பார்கள். மற்றவர்கள் பலகைக்கும் பலகைக்கும் நடுவே நாணல் சொருகி இடுக்கை அடைப்பார்கள். அவருக்கு அது கையாலாகாதவன் வேலை. பலகையும் பலகையும் உதடு சேர்ந்தாற்போல் சேர வேண்டும். ஒருமுறை எண்ணெய் வியாபாரி, பீப்பாய் அடியில் லேசாகக் கசிகிறது, பரவாயில்லை, சும்மா சொல்லத்தான் வந்தேன் என்றார். இவர் அந்தப் பீப்பாயை வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே அடித்து உடைத்து, புதிதாக ஒன்று செய்து கொடுத்தனுப்பினார். உடைந்த பலகைகளை வைத்து மனைவி அடுப்பு மூட்டினாள். "எண்ணெய் ஊறினது, ஜோரா எரியுதுங்க. இன்னொண்ணு கசிஞ்சா சொல்லுங்க," என்றாள். அவரை அப்படிப் பேச அந்தத் தெருவில் வேறு ஆள் கிடையாது.

அவள் பால்காரர் மகள். அவர் செய்து கொடுத்த வாளி ஒழுகவில்லை, ஆனால் தூக்க முடியவில்லை என்று சண்டை போட வந்தவள். அவர் கனம் குறைத்து இன்னொன்று செய்தார். அதிலும் குறை சொன்னாள். மூன்றாவது வாளி முடிவதற்குள் கல்யாணப் பேச்சு வந்துவிட்டது.

தொட்டி முடிந்தது. ஆள் நீளம், இடுப்பு உயரம். உள்ளே ஒரு மெல்லிய துணியைத் தூளிபோலக் கட்டி, முதுகு மரத்தில் படாமல் அவளை மிதக்க விட்டார்கள். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவள் முனகாமல் தூங்கினாள். பீப்பாய்க்காரர் தொட்டியைச் சுற்றிக் குனிந்து பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. அவருக்குத் திருப்தியாக இருந்தது.

தொந்தரவு அதற்குப் பிறகுதான் வந்தது. புண்ணிலிருந்து வடிவதெல்லாம் அடியில் போய்த் தங்கி, தண்ணீர் கெட்டுப்போகும். மாற்ற வேண்டுமானால் அவளைத் தூக்க வேண்டும். எவ்வளவு மெதுவாகத் தூக்கினாலும் கை பட்ட இடமெல்லாம் தோல் உரிந்தது. காற்றுப் பட்டதும் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மச்சினன் மேலாக மொண்டு கொட்டிப் பார்த்தான். அழுக்கு அடியிலேயே கிடந்தது, கலக்கினால் அவள் மேலேயே வந்து அப்பியது. புண் கொஞ்சம் ஆறுவதும் தூக்கும்போது மறுபடி உரிவதுமாகப் போனது.

வைத்தியர் வந்து பார்த்துவிட்டுப் பீப்பாய்க்காரரை வாசலுக்கு அழைத்தார்.

"அழுக்குத் தண்ணியில விட்டா சீழ் பிடிக்கும். தூக்கினா தோல் போகும். எதுன்னாலும் கடைசியில காய்ச்சல்தான். காய்ச்சல் வந்தா இந்த உடம்பு தாங்காது."

உள்ளே வந்தபோது அவள் விழித்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"இனிமே என்னைத் தூக்காதீங்க," என்றாள். பிறகு, "ஏங்க, ஊர்ல அவனவன் ஒழுகுற தொட்டியாத்தான் செய்யறான். உங்களுக்கு மட்டும் அது வராதா?"

மச்சினன் சிரித்துவிட்டான்.  அதற்கான வழி முதல் நாளே பீப்பாய்க்காரருக்குத் தெரியும். பலகையின் அடியோரம் ஒரு துளை, மேலிருந்து மெல்லிசாக வெதுவெதுப்பான தண்ணீர். உள்ளே வருவதும் வெளியே போவதும் சரியாக இருந்தால் அவளைத் தூக்கவே வேண்டாம். அப்படி வந்த நினைப்பை உட்காரச் சொல்லாமலே திருப்பி அனுப்பியிருந்தார். பலகை பிளந்துவிடும், சூடு நிற்காது, விறகு கட்டாது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். எதுவும் பொய்யில்லை. ஆனால் தன் கையால் செய்த ஒன்று தரையெல்லாம் ஒழுகி நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அதற்குள் அவளைப் பலமுறை தூக்கியாயிற்று.

துளை போடக் கையால் திருகும் துரப்பணத்தை எடுத்துவந்தார்.

கடைசியாக ஒரே ஒரு தடவை தூக்கிவிட்டு, காலித் தொட்டியில் துளை போடலாமே என்றான் மச்சினன். அதுதான் தொழில்முறை. தண்ணீர் நிறைந்த தொட்டியில் மரம் உப்பி, இரும்பு வளையங்கள் விண்ணென்று இறுகியிருக்கும். துரப்பணம் மர ஓட்டத்துக்குக் குறுக்கே கொஞ்சம் சாய்ந்தாலும் பலகை மேலிருந்து கீழ்வரை வாய் பிளக்கும். தண்ணீரோடு அவளும் தரைக்கு வந்துவிடுவாள்.

"தூக்க வேண்டாம். இப்படியே போடறேன்," என்றார்.

சுத்தியலைத் தொடவில்லை. ஒரு தட்டு தட்டினாலும் அவளுக்கு வலிக்கும். தரையில் குப்புறப் படுத்து, பலகையில் காதை வைத்து, கால் சுற்று திருகுவார், நிறுத்துவார். மரம் முறுக்கிக்கொள்கிறதா என்று கேட்பார். மரத்துக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்டது. மறுபடி கால் சுற்று. மச்சினன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"அங்க என்ன கொறிக்குது, எலியா?" என்றாள் மேலிருந்து.

"நான்தான்."

"அப்ப சரி."

காய்ந்த துருவல் உதிர்ந்துகொண்டே இருந்தது. பிறகு கையில் ஒட்டும் ஈரத் துருவல் வந்தது. பிறகு கறுப்பாக. இன்னும் ஒரு நகத்தளவுதான் மரம் என்று அவருக்குப் புரிந்தது. முன்பு முழுப் பீப்பாய் செய்ய எடுத்துக்கொண்ட பொறுமையை அந்த நகத்தளவுக்குக் கொடுத்தார். துரப்பணத்தை உருவியதும் கலங்கிய தண்ணீர் முகத்தில் பீச்சியடித்தது. தயாராக வைத்திருந்த மரமுளையைத் துளையில் செருகி அடைத்தார். பலகை பிளக்கவில்லை.

இனி அளவு. அடுப்போரம் மேடைமேல் ஒரு சின்னப் பீப்பாயை ஏற்றி, அதிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் தொட்டியின் கால்மாட்டில் விழும்படி வைத்தார். முளையின் பக்கவாட்டில் கத்தியால் ஒரு கீற்று போட்டார். தண்ணீர் அதன் வழியே நூலாக இறங்கியது. போதவில்லை, தொட்டி ஏறியது. கீற்றை ஆழப்படுத்தினார். அதிகமாகிவிட்டது. தண்ணீர் மட்டம் இறங்கி அவள் தோள் வெளியே வந்தது. காற்றுப் பட்டதும் அவள் பல்லைக் கடித்த சத்தம் கேட்டது. அந்த முளையைத் தூர எறிந்துவிட்டு வேறொன்று சீவினார். ஊரில் ஒருவனும் கேட்டுவந்திராத வேலை. ஒழுகுவதை இத்தனை நுணுக்கமாக அவர் செய்வதைப் பார்த்தபோது, இந்த மனுஷன் ஏன் இவ்வளவு பிடிவாதக்காரர் என்பது மச்சினனுக்கு முதல்முறையாக விளங்கியது.

பொழுது சாய்வதற்குள் மட்டம் நின்றது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பீப்பாய்க்காரர் சட்டையெல்லாம் சேறாக எழுந்தார். அவள் தூங்கியிருந்தாள்.

மறுநாள் காலையில் மச்சினன் மண்தரையில் கால்வாய் வெட்டி, தண்ணீரைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பினான். எதிர்வீட்டுக்காரி வந்து வாசலெல்லாம் வழுக்குகிறது என்றாள். அவன் அங்கே இரண்டு கல் போட்டுக் கொடுத்தான். வைத்தியர் மதியம் வந்தார். முழங்கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்த்தார், முதுகைப் பார்த்தார். புதிதாக உரியவில்லை, சீழும் இல்லை. இதையே செய்யச் சொன்னார். எப்போது ஆறும் என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. எண்ணெய் வியாபாரியின் ஆள் நாலு பீப்பாய்க்குச் சொல்ல வந்தான். குளிர்காலம் முடியட்டும் என்று பீப்பாய்க்காரர் திருப்பி அனுப்பினார். அவள் அரை டம்ளர் பால் குடித்தாள். பிறகு அவர் விறகு வாங்கப் போனார்.