திருநீறு கக்கும் கல்லும் கனகராஜும்

சுங்கை லாலாங் பள்ளத்தாக்கில் ஒரு பாறை தானாகத் திருநீறு கக்குகிறதாம். ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் நான் காலைத் தோசைக்குப் போகும் கடையில் கல்லாவில் இருக்கும் ஷர்மினி சொன்னாள். அவள் பார்க்கவில்லை. அவளுடைய நாத்தனாரோடு வேலை செய்யும் ஒருத்தி பார்த்தாளாம்.

"மூணு பட்டைண்ணே. யாருமே போடலயாம். எவ்ளோ மழ பேஞ்சாலும் அழிய மாட்டேங்குதாம் லா."

நான் தோசையைப் பாதியில் வைத்துவிட்டேன். அந்த மூன்று பட்டைகளைப் போட்ட கை எனக்குத் தெரியும். அது பட்டை போட்டபோது கீழே மெத்தையைச் சரிசெய்துகொண்டு நின்றவன் நான். வேலை அனுமதியை நம்பி அந்நிய நாட்டில் இருப்பவனுக்கு அதிசயங்கள் ஆகாது. அதிசயம் நடந்த இடத்துக்குக் கூட்டம் வரும். கூட்டத்தைப் பார்க்கப் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் என்னைப் போன்றவனிடம்தான் முதலில் பாஸ்போர்ட்டைக் கேட்கும்.

கை, கனகராஜுடையது. கோத்தா திங்கிப் பக்கத்துக்காரர். சிங்கப்பூரில் பல வருடம் ஒரு பாறையேறும் கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். குளிரூட்டிய அந்தக் கூடத்தில் சுவர் முழுக்க வண்ண வண்ணப் பிளாஸ்டிக் பிடிகளைத் திருகி வைத்திருப்பார்கள். அலுவலகம் முடித்து வருகிறவர்கள் பணம் கட்டி அவற்றில் தொங்குவார்கள். வியர்வை பட்டுப் பிடிகள் வழுக்கத் தொடங்கினால் கழற்றிக் கழுவி மாட்டுவது கனகராஜின் வேலை. ஊழியர்கள் இலவசமாக ஏறலாம் என்று அங்கே விதி இருந்தது. ஆனால் துப்புரவு ஆள் ஒப்பந்தக்காரரின் ஆளாம், ஊழியர் இல்லையாம். இப்படிப்பட்ட நுணுக்கங்களைக் கண்டுபிடிக்கத்தான் பெரிய நிறுவனங்கள் படித்தவர்களை வேலைக்கு வைக்கின்றன. கனகராஜ் எல்லோரும் போன பிறகு ஏறிப் பழகினார்.

கொரோனாவுக்காக எல்லை மூடிய காலத்தில் அந்த வேலை போயிற்று. இப்போது பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓய்வு நாள் கிடைத்தால் என்னையும் கூட்டிக்கொண்டு சுங்கை லாலாங். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் பின்புறம், ஓடையை ஒட்டி, வீட்டளவு பாறைகள் கிடக்கும் பள்ளம் அது. கயிறில்லாமல் ஏறுவது இந்த விளையாட்டு. விழுந்தால் தாங்க, கீழே ஒரு தடித்த மெத்தை. கைவியர்வைக்கு வெள்ளைப் பொடி. புதிதாக ஓர் இடத்தை 'உருவாக்குவது' என்று இதில் பெருமையாகச் சொல்வார்கள். பாறை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. கொடியை வெட்டி, கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து, ஆடும் கல்லைப் பெயர்த்து, விழும் இடத்தை மட்டப்படுத்த ஓர் ஆள் வேண்டும். அட்டைக்கடியோடு ஒவ்வொரு வாரமும் அதைச் செய்தவர் கனகராஜ்.

பாறைகள் சுத்தமானதும் ஜொகூர் பாருவிலிருந்து பாறையேறும் வீரர்கள் வந்தார்கள். ஏறினார்கள், படம் எடுத்தார்கள், ஒவ்வொரு பாறைக்கும் ஓர் ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். கனகராஜ் செம்பனை மரங்களைக் காட்டினார். பிறகு இணையத்தில் அவர்கள் போட்ட படங்களில் எல்லோரும் இருந்தார்கள். நன்றி என்று ஒரு வரி இருந்தது: 'பாறைகளைக் கழுவிய அங்கிளுக்கு.'

அதைக் கனகராஜிடம் படித்துக் காட்டினேன். ஓடையோரத்தில் முன்னால் சாய்ந்து நிற்கும் பெரிய பாறையைக் காட்டினார். வந்தவர்களில் ஒருவராலும் பாதிக்கு மேல் போக முடியாத பாறை.

"இதுல மொதல்ல நான் ஏறணும் தம்பி. கழுவுன அங்கிள்னு எவனும் சொல்லக் கூடாது."

பிடிக்க வேண்டிய இடம் கண்ணில் படுவதற்காக அதில் பொடியால் மூன்று கோடுகள் இழுத்தார். பாறை குடைபோலச் சாய்ந்திருப்பதால் அந்த இடத்தில் மழை படாது. அதிசயத்தின் முழு விஞ்ஞானமும் இவ்வளவுதான். அண்ணாந்து பார்த்தால் புரிந்துவிடும். கும்பிட வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

முதலில் யாரோ குங்குமம் வைத்தார்கள். அடுத்து எலுமிச்சம்பழம். அடுத்து, விரல் வைக்கும் குழியில் நல்லெண்ணெய் ஊற்றி விளக்கு. எண்ணெய்க் குழியில் விரல் நிற்குமா? கனகராஜ் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து, மிச்ச ஈரத்தை உறிஞ்ச இன்னும் கொஞ்சம் பொடியை அப்பினார். மறுநாள் வந்தவர்கள், எண்ணெயை ஏற்றுக்கொண்டு சாமி புதுத் திருநீறு தந்திருக்கிறது என்று இன்னும் எண்ணெய் ஊற்றினார்கள். இவர் இன்னும் பொடி போட்டார். இரண்டு மாதம் இப்படியே போனது. ஊரில் நடக்கும் எந்த மோசடியிலும் இவ்வளவு உழைப்பு இருக்காது.

இதற்குள் சபாபதி வந்துவிட்டார். கனகராஜின் மனைவி மலருக்கு அண்ணன். டவுன் கோயில் கமிட்டித் தேர்தலில் தோற்ற நாளிலிருந்து தனக்கென்று ஒரு சாமியைத் தேடிக்கொண்டிருந்தவர். பாறையைச் சுற்றி மஞ்சள் துணி கட்டினார். செங்கல்லும் கூரைத் தகரமும் இறக்கினார். தோட்டத்துச் சாதாரண சாமிகளெல்லாம் வெறும் கல்லாய் நிற்க, தம்முடைய சாமி மட்டும் கைப்பட விபூதி தருவதில் அவருக்கு அளவில்லாத பூரிப்பு.

கனகராஜ் நேராகவே போய்ச் சொன்னார். "மச்சான், அது திருநீறு இல்ல. என் பவுடரு."

"சரி மாப்ள. இங்க எத்தன கல்லு கெடக்கு? இந்தக் கல்லுல மட்டும் பட்டை போடணும்னு ஒனக்கு ஏன் தோணுச்சு?"

"பிடி அங்கதான இருக்கு."

"அதான் கேக்குறேன். பிடிய அங்க வச்சது யாரு?"

நான் இரண்டு மொழியில் படித்தவன். இரண்டிலும் இதற்குப் பதிலைத் தேடிப் பார்த்தேன்.

மிஞ்சியவர் தோட்ட மேனேஜர் தங்கரத்தினம். பள்ளத்தாக்குக்குள் போகக் கனகராஜுக்கு வாய்மொழியாக அனுமதி தந்தவர் அவர்தான். ஒரே ஒரு நிபந்தனை: தோட்ட நிலத்தில் புதுக் கோயில் எழும்பக் கூடாது. செங்கல் இறங்கிய செய்தி அவருக்கும் போய்ச் சேர்ந்தது.

"கனகராஜ், ஞாயிற்றுக்கிழமை காலையில போன்ல கூப்பிடுவேன். கோயில் இல்லன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் நம்புவேன். இல்லாட்டி கேட்டைப் பூட்டிருவேன். உனக்கும் சேத்துத்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சபாபதி முதல் செங்கல் வைக்க நாள் குறித்திருந்தார். நாற்பது பேர் இருப்பார்கள். சர்க்கரைப் பொங்கல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒலிபெருக்கி. நான் போலீஸ் ஜீப் வருகிறதா என்று பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கனகராஜ் தம் போனை என்னிடம் கொடுத்தார். "எல்லார் கண்ணு முன்னாடியும் பட்டையப் போட்டு, ஏறியும் காட்டுறேன். படம் புடி தம்பி. மேனேஜர் கூப்பிட்டா சொல்லு."

குழியைச் சோப்பால் கழுவித் துடைத்தார். பையில் கைவிட்டுப் பொடியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். கோடுகளை அழித்துவிட்டு மறுபடி மூன்று கோடு இழுத்தார்.

"பாத்துக்குங்க. கடையில வாங்குன பவுடரு. இது வெளையாட்டு. நான் ஏறுறதுக்கு."

ஷூவை மாட்டப் போனபோது சபாபதி குறுக்கே விழுந்தார். "சாமி மேல சப்பாத்தோட ஏறுவியா? அலமாக்! மலரு, ஒம் புருசனப் பாரு!"

வாக்குவாதத்தில் நேரம் போகும் என்று கனகராஜ் ஷூவை வீசிவிட்டு வெறுங்காலோடு ஏறினார். மாதக்கணக்காக அவரைக் கீழே தள்ளிய இடம் ஒரு மெல்லிய விரிசல். ஷூவின் முனை அதில் நுழையாது. அன்று கட்டைவிரல் நுழைந்தது. உடம்பு பாறையோடு ஒட்டிக்கொண்டது. மேல் விளிம்புக்கு முன்னால் கால் இரண்டும் விலகி, ஒரு கையில் தொங்கி, ஓர் உறுமலோடு மேலே புரண்டு ஏறி எழுந்து நின்றார். கைகளிலும் நெற்றியிலும் வெள்ளைப் பொடி. மூச்சு வாங்கியது.

நான் கை தட்டினேன். நான் மட்டும்தான்.

"சாமி வந்துருச்சு!" என்றார் சபாபதி. நாற்பது பேரும் தரையில் விழுந்தார்கள். ஒருவர் தேங்காய் உடைத்தார்.

"மச்சான், நான் கனகராஜ்!" என்று மேலிருந்து கத்தினார் அவர்.

"ஆளு பேரக்கூடச் சரியாச் சொல்லுது பாருங்க."

"ரெண்டு மணி ஷிப்டுங்க! எறங்கி வாங்க!" என்றாள் மலர். பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பி மலரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கனகராஜ் நிமிர்ந்து, தொண்டையைக் கனைத்து, சாமியாடியைப் போல எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில் சொன்னார்: "எனக்குக் கோயில் வேணாம்! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

கூட்டம் அடங்கியது. அரை நிமிடம், இந்த நாட்டில் முதன்முறையாக நான் நிம்மதியாக இருந்தேன்.

"கேட்டீங்களா?" என்றார் சபாபதி, கண்களைத் துடைத்துக்கொண்டு. "தகரக் கூரை போடப் பாத்தோம்ல, அதான் கோவம். பெருசாக் கேக்குது."

யாரோ அங்கேயே நன்கொடைத் தட்டை நீட்டத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பாறையில் முதலில் ஏறிய மனிதர் கனகராஜ். நாற்பது பேர் பார்த்தார்கள். மலரைத் தவிர ஒருவர் கண்ணிலும் கனகராஜ் படவில்லை.

என் கையில் போன் அதிர்ந்தது. திரையில் தங்கரத்தினத்தின் பெயர்.

"அண்ணே, மேனேஜர்!"

மேலே அவர் செங்கல் குவியலைப் பார்த்தார். கும்பிட்டபடி இருந்த மச்சானைப் பார்த்தார். தம்முடைய வெள்ளைக் கைகளைப் பார்த்தார்.

"கோயில் இல்லன்னு சொல்லவாண்ணே, இருக்குன்னு சொல்லவா?"

பாறை உச்சியில் அவர் மெல்ல உட்கார்ந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.