கடைசிப் பூவுக்கு மகரந்தம்

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை வேலையிடத்தில் எல்லோரும் 'வெந்நீர்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி எப்போதும் பறப்பார். லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் படியேறுகிற லிஃப்ட் மெக்கானிக்கை வேறெங்கே பார்க்க முடியும்?

அவருக்கு வாய்த்த செடியைப் பாருங்கள். பெலார்கோனியம் என்ற பூச்செடியில் ஒரு குள்ள இனம். கட்டைவிரல் பருமனில் சதைப்பற்றான தண்டு. குளிர்காலத்தில் மட்டும் இலை விடும். வெயில் வந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் காய்ந்த இஞ்சி போலக் கிடக்கும். அப்போது அதற்குச் செய்யவேண்டிய ஒரே உபகாரம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. அது ஒன்றுதான் அவரால் ஆகாது.

மனைவியின் தம்பி, தையல்காரன், அதே செடியைத் தொட்டி தொட்டியாக வைத்திருந்தான். ஒரு கோடையில் வெளியூர் போகும்போது சாவியை இவரிடம் கொடுத்தான். மொட்டையாக நின்ற செடிகளைப் பார்த்து இவருக்கு மனசு கேட்கவில்லை; தினமும் தண்ணீர் ஊற்றினார். திரும்பி வந்தவன் கண்டதெல்லாம் அழுகல். ஒன்றே ஒன்று பிழைத்தது.

"உங்க கை இனிமே என் வீட்டுப் பக்கம் வரக்கூடாது மாமா" என்றான். அதோடு பேச்சு முறிந்தது. அக்கா மட்டும் போய்வந்துகொண்டிருந்தாள்.

புத்தி வந்ததா? போன கோடையில் தன் செடிக்கு உயிர் இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். காயத்தின் வழியாக அழுகல் இறங்கியது. குளிர் முடிகிற சமயத்தில் தண்டு கொழகொழத்துவிட்டது. வெட்டி நட நல்ல துண்டுகூட மிச்சமில்லை. உச்சியில் ஒரே ஒரு பூ. விதை பிடித்தால் வம்சமாவது மிஞ்சும். ஆனால் இந்தப் பூவில் மகரந்தம் முதலில் உதிர்ந்துவிடும், மகரந்தத்தை ஏற்கிற சூல்முடி பிறகுதான் விரியும். விரிந்தும்விட்டது. இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். அது இருப்பது மச்சினன் வீட்டில்.

சட்டையை மாட்டினார், கழற்றினார். தெருமுனை வரை போய்த் திரும்பினார்.

"ஏங்க, எனக்குத் தலை சுத்துது. ஒண்ணு போங்க, இல்ல உக்காருங்க" என்றாள் மனைவி.

"மூஞ்சியில கதவைச் சாத்திட்டான்னா?"

"சாத்தட்டும். அதுக்காகச் செத்தா போயிடுவீங்க?"

பூ செத்துவிடுமே என்ற பயம்தான் அவரைத் தள்ளிக்கொண்டு போனது.

கதவைத் திறந்த மச்சினன் அவர் பையிலிருந்த, மகரந்தம் தொட்டெடுக்கிற சின்ன பிரஷ்ஷைப் பார்த்தான். "பூ விட்டிருக்கா?"

தலையாட்டினார். அவன் உள்ளே போய் ஃப்ரிட்ஜிலிருந்து மடித்த காகிதப் பொட்டலங்களை எடுத்துவந்தான்.

"என்னோடது பூத்து முடிஞ்சிருச்சு. இந்த வருஷ மகரந்தம் எடுத்து வச்சிருக்கேன், இந்தாங்க. மத்த ரெண்டுல இது போன வருஷத்தது, அது அதுக்கு முந்தினது. ரெண்டும் இனி ஆகாது. எப்பவாச்சும் வருவீங்கன்னு எடுத்து வச்சேன், தூக்கிப்போட மனசு வரல."

அவன் நீட்டிய பொட்டலத்தை வாங்காமல் வெந்நீர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே வந்து தடவிடுடா. என் கை சும்மா இருக்காது."