ஊஞ்சலில் கண்ணை மூடியவர்

எழுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சின்ன மகளை ஊஞ்சலில் ஆடவிடுவதற்காகவே கொல்லங்கோட்டிலிருந்து பஸ் ஏறிப் பாலக்காட்டுப் பூங்காவுக்குப் போயிருந்தேன். இருந்த இரண்டு ஊஞ்சலில் ஒன்று அறுந்து கிடந்தது. மற்றதில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சலவை வேட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, சங்கிலிகளை இறுகப் பிடித்திருந்தார். ஊஞ்சல் முன்னால் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். பின்னாலிருந்து அவருடைய பையன் சிரித்துச் சிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தான்.

நின்று நின்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, இது கொழந்தைகளுக்கு வெச்ச ஊஞ்சலுங்க. கொஞ்சம் எறங்குனா என்னங்க?"

"எனக்கும் தலை சுத்துதுங்க," என்றார், கண்ணைத் திறக்காமலே. "இவன் ஏற மாட்டீங்கறான். என்னெ உக்கார வெச்சுத் தள்றதுதானுங்க அவனுக்கு வெளையாட்டு."

பையனுக்குக் கை ஓய்ந்த பிறகுதான் இறங்கினார். நிற்க முடியாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் எங்கள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு ஆட்டமாவது ஆடட்டும் என்று மகளைத் தூக்கினேன். அவள் என் கையிலிருந்து நழுவி இறங்கி, ஊஞ்சலுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"நீங்க உக்காருங்கப்பா. நான் தள்றேன்."

அவளை இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். வழியெல்லாம் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே போனேன். அவர்மேல் எனக்கு இருக்கும் எரிச்சல் இன்றும் தீரவில்லை. அத்தனை தலைச்சுற்றலோடு எப்படித்தான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ.