பார்லிமெண்டு கலையும் வரை

என் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டது ஜாதகம் இல்லை, வரதட்சணையும் இல்லை. இந்திய நாடாளுமன்றம். சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை, இப்போதும் வரவில்லை.

நாங்கள் நைனார்பாளையம் பக்கம். அம்மாவின் அண்ணன், அதாவது என் தாய்மாமன், மணலூர்பேட்டையில் கரும்பு போட்டிருந்தார். அவர் மகனுக்குத்தான் நான் என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருந்த பேச்சு. எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, எழுபத்தொன்றில் பார்லிமெண்டு தேர்தல் வரும்வரை.

அப்பா ஒரு கட்சி, மாமன் எதிர்க்கட்சி. மாமன் கட்சி ஜெயித்தது. ஜெயித்த மனுஷன் தன் ஊரிலேயே கொண்டாடியிருக்கலாம் இல்லையா? மேளக்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்து சரவெடி கொளுத்தினார். வெளியே வந்த அப்பாவின் வாயில் ஒரு பிடி சர்க்கரையைத் திணித்தார். அப்பா தூவென்று துப்பினார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"தோ பாரு மச்சான், இந்த பார்லிமெண்டு கலையற வரைக்கும் உன் வூட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்றார் அப்பா.

"அஞ்சு வருசம்தான மாப்ள, போனா போவுது" என்று மாமன் லாரியில் ஏறிக்கொண்டார்.

பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் எங்கள் பக்கம் சம்பந்தம் உறுதி. கை நனைப்பது என்று சொல்வது அதைத்தான். எதைச் சொல்கிறோம் என்று அப்பா யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். மீசையை எடுக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்ததைச் சொன்னார். அது என் தலையில் விழுந்தது.

அம்மா கெஞ்சாத கெஞ்சல் இல்லை. "ஒரு வாய் மோராச்சும் குடிச்சிட்டு வந்துடுங்க, பொண்ணு வயசு ஏறிக்கினே போவுது" என்பாள். சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்பார் அப்பா. மாமனும் அசையவில்லை. தங்கச்சி புருஷன் வந்து என் வீட்டில் சாப்பிடட்டும், மறுநாளே பரிசம் போடுகிறேன் என்று ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பினார். நான் காத்திருந்தேன். ஐந்து வருஷம்தானே?

ஐந்தாவது வருஷம் முடியப்போகிற நேரத்தில், அவசர நிலையைக் காரணம் காட்டி, சபையின் ஆயுளை ஒரு வருஷம் நீட்டிவிட்டதாக ரேடியோ சொன்னது. கல்யாணத்துக்கென்று ஒரு மூட்டை பச்சரிசி வாங்கிப்போட்டிருந்த அம்மா அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நானா நீட்டினேன்?" என்றார் அப்பா.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது? அந்தக் காலத்தில் அரசாங்கத்தைத் திட்டினால் உள்ளே தள்ளிவிடுவார்கள். அப்பாவைத் திட்டலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. திட்டினேன். பலனில்லை.

மாமன் மகன் கல்வராயன் மலையில் வாத்தியாராக இருந்தார். வாரக் கடைசியில் கீழே இறங்கி ஊருக்குப் போகிறவரைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது பார்ப்பேன். அம்மாவும் கூட இருப்பாள். மலையைப் பரம்பரையாக ஆண்டுவந்த ஜாகீர்தார்களிடமிருந்து அரசாங்கம் அதை எடுத்துக்கொண்ட சமயம் அது.

"எங்கியோ ராஜா ஆண்டுகினு இருந்த சிக்கிம்மு, அதுவே போன வருசம் நம்ம நாட்டோட சேந்துடுச்சு. இப்ப இந்த மலையும் சேந்துடுச்சு. எங்கப்பாவையும் உங்கப்பாவையும் சேக்கறதுக்குத்தான் சட்டம் இல்ல போல" என்றார்.

அம்மா சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி அழகாகப் பேசத் தெரிந்த மனுஷனுக்கு, அவளைத்தான் கட்டுவேன் என்று தன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே. பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஐப்பசியில் சபைக்கு மறுபடியும் ஒரு வருஷம் நீட்டிப்பு. இனி இதற்கு முடிவே இல்லை என்று மாமன் நினைத்திருக்க வேண்டும். கார்த்திகையில் மகனுக்குத் திருக்கோவிலூரில் பெண் எடுத்துவிட்டார். பத்திரிகை மட்டும் வந்தது. அம்மா அதை அடுப்பில் போட்டாள்.

தை பிறந்தது. பிறந்த கையோடு, யாரும் எதிர்பாராத ஒரு நாளில், சபையைக் கலைத்துவிட்டதாகவும் தேர்தல் வருவதாகவும் ரேடியோ சொன்னது. நீட்டத் தெரிந்தவர்களுக்கு நிறுத்தவும் தெரிந்திருக்கிறது. ஒரு முகூர்த்தம் முன்னால் தெரிந்திருந்தால் என்ன? அன்று நான் வாய்விட்டு அழுதேன்.

அதோடு போயிற்றா என்றால் இல்லை. அந்தத் தேர்தலில் அப்பாவின் கட்சியும் மாமனின் கட்சியும் கூட்டணி. எழுபத்தொன்றில் எதிரெதிரே நின்றவர்கள் இப்போது ஒரே மேடை, ஒரே மைக். திருக்கோவிலூர் கூட்டத்தில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம். மாமன் அப்பாவைக் கையோடு மணலூர்பேட்டைக்கு அழைத்துப்போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் அப்பா வெற்றிலை போட்ட வாயோடு வந்து உட்கார்ந்தார். நான் சோறு எடுத்து வைத்தேன்.

"வேணாம், வயிறு ரொம்பிக்கினு கெடக்குது. மச்சான் வூட்ல ஒரே உபசாரம். அந்தப் புது மருமவ காரக்கொழம்பு வெச்சுது பாரு, இன்னா ருசி!"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி சுவரில் போய் விழுந்தது. அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"வரப்போற பார்லிமெண்டு கலையற வரைக்கும் உங்க கூட பேச மாட்டேன்" என்றேன்.

பேசவில்லை. நடுவில் எனக்குச் சின்னசேலம் பக்கம் கல்யாணம் ஆனது. அன்றைக்கும் பேசவில்லை. பொங்கல் சீரோடு வருவார், போவார். அம்மா வழியாகத்தான் எல்லாமே.

அந்தச் சபை மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. கலைந்த செய்தி வந்த அன்று, அப்பா ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்துவிட்டார். என் முன்னால் அதை வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். செய்தி முடிந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சொன்ன சொல் சொன்ன சொல்தான், நானும் அவர் மகள்தானே. "சாப்ட்டீங்களாப்பா?" என்று கேட்டேன். மனசுக்குள், இந்த ஒரு தடவையும் ஆயுளை நீட்டியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.