பின்வாசலில் மாட்டிய மணி

வாசல்மணி மாட்டும் தொழிலில் ஒரே ஒரு சுகம் உண்டு: நாம் போனால் யாராவது கதவைத் திறந்தே ஆக வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கிப் பிழைக்கும் உங்களுக்கும், வீட்டில் தனியாக உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் இது புரியும். நான் மாட்டுவது கேமரா வைத்த மணி. எங்கள் ஊர் குருணில் நான் மாட்டிய மணியை அமுக்கினால், தூரத்துக் கடலோரம் கோத்தா கோலா மூடாவில் வலை இழுக்கிறவர் ‘யாரது’ என்று திரும்பிப் பார்ப்பார். சத்தியம்.

தெய்வானை வீட்டு நிபந்தனை

குருணில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் தெய்வானை தனியாக இருந்தாள். மகன் மகேந்திரன் சிங்கப்பூரில், பதினாலாவது மாடியில். அவன்தான் மணியை வாங்கி அனுப்பிவிட்டு என்னைப் போனில் பிடித்தான். யாராவது அமுக்கினால் அவன் ஹேண்ட்போனில் ஆள் தெரியும், அங்கிருந்தே பேசலாம். அம்மாவை நாலு பேர் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அவள் இங்கேயே இருக்கலாம்; இல்லாவிட்டால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவானாம். தெய்வானைக்கு லிப்டில் காலை வைத்தாலே தலை சுற்றும்.

கதவோரம் துளை போட்டு மாட்டி முடித்தேன். அவள் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இதுல வர்றவங்க முகம்தானே தெரியும்? வராதவங்க முகம் தெரியாதே, அண்ணே.”

வெள்ளிக்கிழமை

ஒரு நாள் மகேந்திரன் பதறிப் போன் செய்தான். கேமராவில் ஒன்றுமே தெரியவில்லை, ஒரே சிவப்பு, அம்மாவும் போனை எடுக்கவில்லை என்றான். மோட்டார் சைக்கிளை முறுக்கினேன். அந்தச் சத்தத்துக்குப் தூரத்துப் பெண்டாங் ஊர் வயலில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்ததாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால் அவள் தலைக்குக் குளித்து ஈரத்துண்டோடு நிற்கிறாள். புதுச் சாமான் ஆயிற்றே என்று மணிக்குச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமமும் வைத்திருக்கிறாள். சரியாகக் கேமராவின் கண்ணிலேயே.

துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். “பொட்டை அழிக்காதீங்க, அண்ணே. தெரியலைன்னா நேர்ல வந்து பாக்கட்டும்.”

வாய் கொடுத்த வினை

பொட்டு காய்ந்து உதிர்ந்து, மாதம் ஒன்று ஓடியது. அந்த மணியை அமுக்கியவர்கள் தபால்காரரும், வீடு மாறி வந்த ஒரு சாப்பாட்டு டெலிவரிக்காரரும்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். அம்மாவைப் பார்க்க யாருமே வருவதில்லையா என்று, நான் அவள் சமையல்கட்டில் இருந்த நேரம் பார்த்து மகேந்திரன் போனில் என்னிடம் கேட்டான். எதிரில் தெய்வானை அடுப்பை அணைத்துவிட்டு என் வாயையே பார்த்தாள்.

அளக்க ஆரம்பித்தேன். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஜனம் என்றைக்கு முன்வாசலில் வந்தது, எல்லாரும் சமையல்கட்டுப் பக்கம்தான் வருவார்கள் என்றேன். மீன்காரம்மா, கோயில் கமிட்டிக்காரர்கள், பெண்டாங்கிலிருந்து புது அரிசி கொண்டுவரும் தங்கம்மா. தங்கம்மா என்று யாருமே கிடையாது. பின்வாசலில் செருப்பு விட இடமில்லை என்றுகூடச் சொல்லிவிட்டேன். மகேந்திரனுக்கு ஒரே சந்தோஷம். “ஓகே லா, அங்கிள். அப்ப பின்னாடியும் ஒண்ணு மாட்டிடுங்க.”

மூன்று விருந்தாளிகள்

மாட்டியாகிவிட்டது, இனி ஆளுக்கு எங்கே போவது? ஒரு நாள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் போனேன். இன்னொரு நாள் குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு. பிறகு கொளுத்தும் வெயிலில் ரெயின்கோட்டோடு. தெய்வானை ஒவ்வொரு தடவையும் புது ஆளைப் பார்த்தது போல, மகனுக்குக் கேட்கும்படி, வாங்க வாங்க என்பாள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வரும். வியர்த்துக் கொட்டக் கொட்டக் குடித்தேன். என் மனைவி போன பிறகு என்னை யாரும் வாங்க என்று சொன்னதில்லை. மூன்று ஆளாகப் போய் மூன்று பங்கு கேட்டுக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் மகேந்திரன் கூப்பிட்டான். அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் சங்கடம். “அங்கிள், ஹெல்மெட் ஆளு, குடைக்காரர், ரெயின்கோட்டு, எல்லாருக்கும் ஒரே சிலிப்பர் லா. உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா அந்த மூணு பேருமே வரமாட்டாங்க.”

பேட்டரி

மகேந்திரன் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். வீட்டை விற்கவில்லை, மணிகளுக்கு அவ்வப்போது சார்ஜ் போடும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டான். காருக்குள் ஏறும்போது தெய்வானை என்னைப் பார்க்கவில்லை. நானும் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் பேட்டரியைப் போட்டுவிட்டு, வேலை செய்கிறதா என்று முன்வாசல் மணியை அமுக்கினேன். சிங்கப்பூரில் மகனுடைய ஹேண்ட்போனைத் தெய்வானை எடுத்திருக்கிறாள். இருக்கிற இடத்தை மறந்து சொன்னாளோ, வம்புக்குச் சொன்னாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. மணிக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது: “என்ன அண்ணே, யாரோ மாதிரி முன்வாசல்ல நிக்கிறீங்க? பின்னாடி வாங்க, தேத்தண்ணி போடுறேன்.”

வீடு பூட்டித்தான் கிடந்தது என்றாலும், வாங்க என்று கூப்பிட்ட பிறகு பின்பக்கம் போய்ச் சற்று நேரம் நிற்காமல் வருவது இந்தத் தொழிலுக்கு அழகில்லை.