எட்டு மணிக்குத் திறக்கும் பெட்டி

வேளைக்கு மணியடித்து, தானே திறந்து, அந்த வேளை மாத்திரையை மட்டும் நீட்டுகிற மின்பெட்டியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். பெட்டி பத்து நிமிடத்தில் தயாராகிவிடும், வீட்டுக்காரர்கள் தயாராகத்தான் பத்து நாள் பிடிக்கும். அப்பா அம்மாவின் மாத்திரைச் சீட்டோடு மல்லுக்கட்டியிருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வாத்தியார் வீட்டு மணி

அதியன்னூரில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். பிரஷர் மாத்திரையைப் 'பிறகு, பிறகு' என்று தள்ளிப்போட்டே நாளைக் கழிக்கிறவர். மாத்திரையை எடுக்கும்வரை என் பெட்டி விடாது, கத்திக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் அதை முறைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் பணிந்துவிட்டார். விசாரிக்கப் போன என்னிடம் சொன்னார்: "காலம் முழுக்க நான் மணியடிச்சு பிள்ளேளை இருத்தினேன் மக்கா. இப்பம் இது மணியடிச்சு என்னைய இருத்துது."

எட்டு மணிதான் கணக்கு

அந்தத் தெம்போடுதான் ஆரியங்கோட்டுக்குப் போனேன். செல்லையன் அண்ணாச்சி ரப்பர் பால் வெட்டுகிறவர். சர்க்கரை ஏறி, காலில் புண் ஆறாமல் கிடந்தது. இனியும் மாத்திரை தவறினால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயந்துபோய்ப் பெட்டி வாங்கிக் கொடுத்தவள் குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெயா.

சீட்டில் 'காலை, ஆகாரத்துக்கு அரைமணி முன்' என்று இருந்தது. எல்லா வீட்டிலும் வைப்பதுபோல எட்டு மணி வைத்தேன். "வெட்டுக்குப் போற ஆளுக்கு எட்டு மணியா?" என்று கேட்டார் அவர் மனைவி ரோஸம்மா. "கையடக்கப் பெட்டிதானே அக்கா, தோட்டத்துக்கே கொண்டுபோகலாம்" என்றேன் பெருமையாக. அண்ணாச்சி பெட்டியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "மணியடிச்சா முழுங்கணும், அவ்வளவுதானே. அது எனக்கு அறியும்."

பச்சைக் குறி

மாத்திரை எடுத்தால் மகளின் போனிலும் என் போனிலும் பச்சைக் குறி விழும். ஒரு வாரமாக ஒருநாள்கூடத் தவறாமல் விழுந்தது. ஜெயா குரல் செய்தி அனுப்பினாள்: "அண்ணா, உங்க பெட்டி கெட்டிக்காரப் பெட்டியாக்கும்." அதை நாலு வீட்டில் போட்டுக் காட்டி வியாபாரமும் பேசினேன்.

மறுநாள் காலை ரோஸம்மா அக்கா போனில் கூப்பிட்டார். அண்ணாச்சி தோட்டத்தில் சர்க்கரை இறங்கி, வேர்த்து விறுவிறுத்து விழுந்துவிட்டார். பால் வாளியும் கவிழ்ந்துவிட்டது. நல்லவேளை, உதவிக்கு வந்திருந்த அக்கா பக்கத்துத் தோட்டக்காரரின் பிளாஸ்கிலிருந்த இனிப்புச் சாயாவைக் குடிக்க வைத்திருக்கிறார். விடியுமுன் பால் சேர்க்காத ஒரு கட்டன்சாயாவோடு கிளம்புகிறவர், பால் எடுத்து ஊற்றிவிட்டு வீட்டில் கஞ்சிக்கு உட்காரப் பத்தரை ஆகும். தினமும் எட்டு மணிக்கு என் பெட்டி சொல்ல, வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கி, அதற்குப் பிறகும் இரண்டரை மணி நேரம் மரம் மரமாக நடந்திருக்கிறார். ஓடிப்போய் நின்று போனை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கும் பச்சைக் குறிதான். அக்கா என்னைத் திட்டவில்லை. "மணி சரியாட்டுத்தான் அடிச்சு மக்கா. கஞ்சிதான் வரல்ல."

பத்து மணி

அன்றைக்கே அண்ணாச்சியை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரையைப் பத்து மணிக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன், ஜெயாவிடமும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அண்ணாச்சி காலை நீட்டிக் காட்டினார். புண் ஆறி, விரல் அஞ்சும் அப்படியே இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அடுக்களையைப் பார்த்துச் சிரித்தார்: "இப்பம் மணியடிச்சா முதல்ல இவ கஞ்சிப்பானைய இறக்குவா. அதைக் கண்ட பிறகுதான் நான் பெட்டிய தொடுவேன்."

என் பெட்டிக்கு நாளின் ஒவ்வொரு நிமிடமும் அத்துப்படி. அந்த வீட்டில் கஞ்சி எப்போது வெந்து இறங்கும் என்பதை மட்டும் நான்தான் கேட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.